செங்காந்தளைத் தேடி ஒரு ஞாயிறு... ஆரணியிலிருந்து கூடியம் காடு வரை!

தமிழ்நாட்டின் மாநிலப் பூ எது? போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் கேட்டால், கேள்வி முடிவதற்குள் 'செங்காந்தள்' என்று பதில் வந்துவிடும். "சரி, அதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனம்தான் பதில். பாடப்புத்தகத்தில் பார்த்திருப்போம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்திருப்போம். செடியில் பூத்து நிற்கும்போது பார்த்தவர்கள் குறைவு.

அதற்குக் காரணமும் இருக்கிறது. செங்காந்தள் பூக்கடையில் கிடைக்காது. மாலையில் கட்டமாட்டார்கள், தலையில் வைக்கமாட்டார்கள். ஆண்டில் பாதி நாள் அது மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கும். மழை இறங்கினால் எழும். வேலியையோ புதரையோ பற்றி ஏறும். சில வாரங்கள் தீப்பிடித்ததுபோல் பூத்து நிற்கும். காய்த்துக் காய்ந்து மறுபடி மண்ணுக்குள் போய்விடும். அந்தச் சில வாரங்களில் நாம் அங்கே இருந்தால்தான் உண்டு.

கார்த்திகை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாள் மழை விட்டிருந்தது. செங்காந்தளைப் பார்த்தே தீருவது என்று ஆறு பேர் கிளம்பினோம்.

எந்த ஆரணி?

ஆரணி என்றதும் பட்டுப்புடவை நினைவுக்கு வந்தால், அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நாங்கள் கூடிய இடம் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. பொன்னேரி வட்டத்தில், ஆரணி ஆற்றின் கரையில் இருக்கும் பேரூராட்சி. சென்னையிலிருந்து செங்குன்றம் தாண்டி, ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் திரும்பி, பெரியபாளையம் வழியாகப் போகலாம். ஒரு பக்கம் பெரியபாளையம் பவானி அம்மன் கோயில், இன்னொரு பக்கம் சிறுவாபுரி முருகன் கோயில் என்று ஊரைச் சுற்றிப் பக்தர்கள் கூட்டம். கொஞ்சம் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். காலை ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்களும், பால் குளிர்சாதன வண்டிகளும், நெல் ஏற்றிய டிராக்டர்களும் ஒரே சாலையில் போகிற ஊர்.

ஆரணி ஆறு ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி என்று வந்து, பழவேற்காடு பக்கம் கடலைத் தொடுகிறது. கோடையில் வெறும் மணல். கார்த்திகையில் தண்ணீர். எங்கள் திட்டம் எளிமையானது: ஆற்றுக்கு எதிர்த்திசையில், மேற்கே ஊத்துக்கோட்டை போவது. அங்கிருந்து சீத்தஞ்சேரி சாலையில் திரும்பி, பூண்டி பக்கம் கூடியம் காட்டுக்குள் நடப்பது. வழியெல்லாம் பூ தேடுவது.

குழுவுக்குத் தலைமை, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவர். எல்லோருக்கும் 'டீச்சர்'. கழுத்தில் ஒரு சின்ன லென்ஸ், கையில் ஒரு நோட்டு. அவருடைய பழைய மாணவர், இப்போது கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். வங்கியில் வேலை செய்யும் ஒரு அம்மா, ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகள். ஒரு கல்லூரி மாணவர். பிறகு, நோட்பேடும் மொபைலுமாக நான்.

கிளம்பும் முன்பே டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார்: "யாரும் எதையும் பறிக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது. கண்ணால பாருங்க, போனால படம் எடுங்க. அவ்வளவுதான்."

காரை விட்டு இறங்கினால்தான் பூ!

பெரியபாளையம் தாண்டிய சிறிது தூரத்திலேயே டீச்சர் வண்டியை நிறுத்தச் சொன்னார். வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை. சாலையோரப் புல், ஒரு மின்கம்பம், ஒரு மனைவிற்பனை விளம்பரப் பலகை.

"இறங்கி நின்னு தரையைப் பாருங்க" என்றார்.

குனிந்ததும் கண் பழகியது. புல்லுக்குள் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக நீலப் பூக்கள். விஷ்ணுகிரந்தி. வெயில் ஏறும்போது விரியும், மாலைக்குள் மூடிக்கொள்ளும். அதன் பக்கத்தில் வெள்ளையாகத் தும்பை. ஒவ்வொரு பூவும் ஒரு அரிசி அளவு. பஞ்சுபோல் நரைத்த கதிர்களோடு சிறுபூளை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூ. வேலியில் அடர்நீலத்தில் சங்குப்பூ. இப்போது நட்சத்திர ஓட்டல்களில் 'புளூ டீ' என்று விலை போட்டுத் தருகிறார்களே, அதே பூ. சங்க இலக்கியத்தில் இதற்குப் பெயர் கருவிளை.

பாப்பா ஒரு தும்பைப் பூ மேல் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு உதடு இருக்கு டீச்சர்!" என்று கத்தினாள். "அதேதான். கீழ் உதட்டுல பூச்சி உட்காரும், மேல் உதட்டுல இருக்கிற மகரந்தம் அது முதுகுல ஒட்டிக்கும். துளசியும் அதே குடும்பம்" என்று டீச்சர் சொன்னதும், அந்த அரிசிப் பூவை நாங்கள் ஆறு பேரும் வரிசையில் நின்று பார்த்தோம்.

கொஞ்சம் தள்ளி, ஒரு வேலியில் வெள்ளைப் பூக்கள் வாடித் தொங்கின. "இது முசுண்டை. ராத்திரி பூக்கும், காலையில வாடிடும். நாம லேட்டு" என்றார் டீச்சர். நெடுநல்வாடையில் மழைக்காலத்தைச் சொல்லும் இடத்தில் வரும் பூ இது. இலையைக் கீரையாகச் சமைப்பார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புலவர் மழைக்கு அடையாளமாகச் சொன்ன செடி, இன்றும் மழைக்கு அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. நமக்குத்தான் அது பெயர் தெரியாத கொடியாகிவிட்டது.

கூடியம்: கல்லும் காடும்

ஊத்துக்கோட்டையில் இட்லி, வடகறி. அங்கிருந்து சீத்தஞ்சேரி சாலையில் திரும்பியதும் காட்சி மாறுகிறது. இரண்டு பக்கமும் காப்புக்காடு. 'காடு' என்றதும் நீலகிரியைக் கற்பனை செய்ய வேண்டாம். இது கரட்டுக்காடு. ஆள் உயரத்திலிருந்து இரண்டு ஆள் உயரம் வரை முள்ளும் புதரும் குட்டை மரங்களும். களா, காரை, சூரை, வெட்பாலை, அழிஞ்சில், காயா. பலவற்றுக்கு இலை சின்னது, தோல்போல் தடித்தது. ஆண்டில் முக்கால்வாசி நாள் மழை இல்லாமல் தாக்குப்பிடிக்க வேண்டிய காடு அப்படித்தான் இருக்கும்.

கூடியத்துக்குள் நடக்கும் முன் ஒரு விஷயம். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். டீச்சர் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தார்.

பாதை முழுக்கக் கூழாங்கல். கைக்கு அடக்கமாக, உருண்டையாக, பழுப்பும் செம்மையும் கலந்த கற்கள். குன்றின் பாறையே இப்படி உருளைக்கற்கள் பதிந்த பாறைதான். கடலைமிட்டாயை உடைத்துப் பார்த்ததுபோல் இருக்கும். இந்தக் கற்களுக்கு உலகப் புகழ் உண்டு. 1863-ம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் முதலில் பல்லாவரத்திலும், அதே ஆண்டு வில்லியம் கிங்குடன் சேர்ந்து இங்கே பக்கத்தில் உள்ள அதிரம்பாக்கத்திலும் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அதிரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் நடத்திய அகழாய்வில், அங்கே கிடைத்த கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-ம் ஆண்டு தெரியவந்தது. கூடியம் குகைகளிலும் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது.

அதாவது, நாங்கள் பூ தேடி நடந்த மண்ணில் மனிதர்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளாக எதையோ தேடி நடந்திருக்கிறார்கள். கல், கிழங்கு, பழம், தண்ணீர்.

பாதையோரம் மஞ்சளாகச் செம்முள்ளி. முள்ளுக்குள் கைவிடாமல் படம் எடுப்பது ஒரு கலை. ஈரமான பள்ளத்தில் ஊதா நிற நீர்முள்ளி. புதருக்கு மேல் குன்றிமணிக் கொடி. காயா மரத்தைக் காட்டி, "இது பூக்கும்போது கிளையெல்லாம் நீலமா ஆயிடும். திருமாலைக் காயாம்பூ வண்ணன்னு சொல்றாங்களே, அந்தக் காயா. இப்ப சீசன் இல்ல" என்றார் டீச்சர்.

செங்காந்தள்? காணோம்.

கல்லூரி மாணவர் தன் மொபைலில் அடையாளம் காட்டும் செயலியோடு ஒவ்வொரு கொடியையும் துழாவினார். இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருந்தால் அது செங்காந்தளாக இருக்கலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். தனியாகப் பற்றுக்கம்பி விடாமல், இலையின் நுனியையே கைவிரல்போல் நீட்டிப் பிடித்து ஏறுவது இந்தச் செடியின் தனித்தன்மை. இரண்டு மணி நேரம் நடந்தோம். நுனி சுருண்ட ஓர் இலைகூடக் கண்ணில் படவில்லை.

கண்ணில் பட்டது வேறு. காட்டின் விளிம்பு நெடுக உண்ணிச்செடி. ஆரஞ்சும் மஞ்சளும் ரோஜா நிறமுமாக அழகான கொத்துப் பூ. பாப்பாவுக்கு அதுதான் மிகவும் பிடித்தது. "அழகாத்தான் இருக்கும். அழகுக்காகத்தான் தென் அமெரிக்காப் பக்கத்துலேருந்து வெள்ளைக்காரங்க கொண்டுவந்து தோட்டத்துல வெச்சாங்க" என்றார் டீச்சர். தோட்டத்திலிருந்து காட்டுக்குத் தப்பிய அந்தச் செடி, இன்று இந்தியக் காடுகள் பலவற்றை மூடிக்கொண்டிருக்கிறது. அதன் நிழலில் தரையோரச் செடிகள் முளைப்பது கடினம். ஆடு மாடும் அதை விரும்பித் தின்பதில்லை. திறந்த வெளிகளில் சீமைக்கருவேலம். விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் 19-ம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட மரம். இவை போன்ற அந்நியக் களைச்செடிகளை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டு தனிக் கொள்கை வெளியிட்டது. அகற்றுவதோடு வேலை முடிவதில்லை. அந்த இடத்தில் மறுபடி உள்ளூர்ச் செடி வர வேண்டும். அதற்கு மண்ணுக்குள் விதையும் கிழங்கும் மிச்சம் இருக்க வேண்டும்.

ஆயா வீட்டு வேலி

வெயில் உச்சிக்கு வந்தபோது காட்டை விட்டு வெளியே வந்தோம். கிராமத்து விளிம்பில் ஒரு புளியமரத்தடியில் கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம். ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு மூதாட்டி, "இன்னா கண்ணு, குகை பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இந்தப் பக்கம் வெளியூர் ஆள் வந்தால் குகைக்குத்தான் வருவார்கள்.

"இல்ல ஆயா, பூ பாக்க வந்தோம்" என்றாள் பாப்பா.

ஆயா சிரித்துவிட்டார். "பூ பாக்க இவ்ளோ தூரமா? இன்னா பூ?"

டீச்சர் மொபைலில் படத்தைக் காட்டினார். ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, இது கலப்பக் கெழங்கு கொடி. எங்கூட்டு வேலியில கீதே. அதுக்கா காட்டுல போயி சுத்தினீங்க?"

சாதத்தைப் பாதியில் மூடிவிட்டு ஆயா பின்னால் நடந்தோம்.

நான்கு வீடு தள்ளி, ஒரு சின்ன கொல்லை. சுற்றிலும் உயிர்வேலி. கிளுவையும் நொச்சியும் திருகுகள்ளியும் ஒன்றோடொன்று பின்னி, ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் வடக்குப் பக்கத்தில், கள்ளிக்கு மேலே, செங்காந்தள்.

ஒன்றல்ல. எண்ணிப் பார்த்ததில் பதினேழு பூக்கள்.

படத்தில் பார்ப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு. ஆறு இதழ்களும் பின்பக்கமாக மடிந்து மேல்நோக்கி நிற்கின்றன. விளிம்பெல்லாம் அலை அலையாக நெளி. கீழே ஆறு மகரந்தக் கம்பிகள் குடைக்கம்பிபோல் விரிந்திருக்கின்றன. சூல்தண்டு மட்டும் சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. மொட்டு பச்சை. அன்று விரிந்த பூ பச்சை கலந்த மஞ்சள். அதற்கு மூத்த பூ பாதி மஞ்சள், பாதிச் சிவப்பு. இன்னும் மூத்தது முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறமும் இருப்பதற்குக் காரணம், ஒரே பூ நாளுக்கு நாள் நிறம் மாறுவதுதான். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு தேன்சிட்டு வந்து தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்துவிட்டுப் போனது.

சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்குக் காந்தளை உவமை சொன்னது ஏன் என்று நேரில் பார்த்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை. முருகனுக்கு உரிய பூவாகவும் காந்தளைச் சொல்வார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். அந்தப் பட்டியலில் முதலில் வருவது செங்காந்தள்தான். ஈழத்தில் இதற்குக் கார்த்திகைப்பூ என்று பெயர். எந்த மாதத்தில் தேட வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. தாவரவியலில் இதன் பெயர் குளோரியோசா சூபர்பா. 1753-ல் லின்னேயஸ் வைத்தது. ஜிம்பாப்வேக்கு இதுதான் தேசியப் பூ.

பாப்பா கை நீட்டியதும் ஆயா முந்திக்கொண்டார். "பாரு கண்ணு, தொடாத. தொட்டா கையக் கழுவாம வாயில வெக்காத. இது வெஷம். எங்க மாமியா காலத்துல, ஆடு வாய வெச்சா போச்சுன்னு ஆட்டுக்கு எட்டாத மாதிரி கள்ளி மேல ஏத்தி வுடுவாங்க."

உயிர் எடுப்பதும் காப்பதும்

ஆயா சொன்னது முற்றிலும் உண்மை. செங்காந்தளின் கிழங்கு, இலை, விதை எல்லாமே நச்சு. காரணம், அதில் இருக்கும் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள். கிழங்கைச் சமையல் கிழங்கு என்று தவறாக நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். தவறுதலாக யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதே கோல்ச்சிசின்தான் மருந்தும். 1820-ல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெத்தியே, கவந்து இருவரும் ஐரோப்பாவில் வளரும் இதன் உறவுக்காரச் செடி ஒன்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். யூரிக் அமிலத்தால் வரும் கவுட் மூட்டுவலிக்கு இன்றும் மருத்துவர்கள் மிகச்சிறிய அளவில் எழுதித் தருகிறார்கள். 2023-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதய நோயாளிகள் சிலருக்கும் குறைந்த அளவு கோல்ச்சிசினை அனுமதித்தது. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சின்னது என்பதால், யூடியூப் பார்த்து வைத்தியம் செய்யும் ஆசை யாருக்கும் வேண்டாம்.

இந்த மருந்துக்காகத்தான் தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி பக்கங்களில் இதைக் 'கண்வலிக் கிழங்கு' என்ற பெயரில் வயலிலேயே பயிர் செய்கிறார்கள். கம்பிப் பந்தல் போட்டுக் கொடியை ஏற்றி, காலையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து, விதையை எடுத்து ஏற்றுமதிக்கு அனுப்புகிறார்கள். விதை கிலோ ஆயிரக்கணக்கில் விலைபோகும். ஆரம்பத்தில் நடவுக் கிழங்குக்குக் காட்டையும் வேலியையும்தான் தோண்டினார்கள். வயலில் வரிசை கட்டி நிற்கிற பூ, இயல்பாக வளர்ந்த இடங்களில் அரிதாகிப்போனதற்கு அந்தத் தோண்டலும் ஒரு காரணம். விதை முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும். முளைத்த செடி பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்தால், அந்த இடத்தில் இன்னொன்று சீக்கிரம் வந்துவிடாது.

"கல்லு நடணும்றான் மவன்"

படம் எடுத்து முடித்து, ஆயா கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் வேலியின் தெற்குப் பக்கத்தைக் கவனித்தோம். அங்கே வேலி இல்லை. வெட்டி எடுத்த தடம் இருந்தது. அடுக்கி வைத்த கான்கிரீட் கம்பங்கள், ஒரு சுருள் முள்கம்பி.

"எம் மவன் இந்தப் பக்கமும் கல்லு நடணும்றான். நெலத்த அளந்து உட்டாங்க. வேலி அடி ரெண்டு அடி எடத்த புடிச்சிக்குதாம். நொச்சிய வெட்டிக் கட்ட ஆளு இல்ல, எனக்கும் கையி முடியல. அவன் சொல்றதும் நாயந்தான்" என்றார் ஆயா. பிறகு பூவைப் பார்த்தார். "இது எங்க மாமியா வெச்ச வேலி. இந்தக் கொடிய யாரும் வெக்கல. அதுவா வருது. மழ பேஞ்சா வருது, காஞ்சா போவுது. வேலிய பேத்தா கெழங்கும் போயிடும்."

யாரும் எதுவும் சொல்லவில்லை. காட்டுக்குள் இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்காத பூ, ஒரு குடும்பம் தலைமுறையாகப் பராமரித்த வேலியில் கிடைத்திருக்கிறது. அந்த வேலி அடுத்த மழைக்கு இருக்குமா என்பது தெரியாது.

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் அதுவரை அதிகம் பேசாமல் இருந்தார். திரும்பும் வழியில் அவராகவே ஆரம்பித்தார்.

"எங்க ஊர்லயும் இப்படி வேலி இருந்துச்சு. ஊருக்குப் பின்னாடி மேய்க்கால். ஆடு அங்கதான் போவும். களாப்பழம், சூரைப்பழம் பொறுக்கி ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போவோம். இப்ப அங்க காம்பவுண்டு சுவர். ஆனா ஒண்ணு சொல்றேன். கம்பெனி வரலன்னா நான் இங்க இருந்திருக்க மாட்டேன். சென்னையில எங்கயாவது ரூம்ல இருந்திருப்பேன். அம்மாவைத் தினமும் பார்த்திருக்க மாட்டேன். அதனால கம்பெனி வேணாம்னு என்னால சொல்ல முடியாது. சுவத்துக்குப் பதிலா கொஞ்சம் வேலியை விட்டிருக்கலாம்னு மட்டும்தான் தோணுது."

இந்த வட்டாரத்தின் கதை முழுவதும் அந்தச் சில வாக்கியங்களில் இருக்கிறது. ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்க்கால் நிலத்தில் சிப்காட் வந்தபோது, அந்தக் கிராம மக்கள் தங்கள் ஆடு மாடுகளுக்கும் ஏரிகளுக்கும் ஆதாரமான காடு போகிறது என்று ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அதே பக்கத்தில்தான் சென்னைக்குக் குடிநீர் தர கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் கட்டப்பட்டு 2020-ல் திறக்கப்பட்டது. சென்னைக்கு வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். அதற்கான இடம் எப்போதும் 'தரிசு', 'மேய்க்கால்', 'புறம்போக்கு' என்று ஆவணத்தில் எழுதப்பட்ட நிலத்திலிருந்துதான் வருகிறது. அந்த நிலங்களில்தான் விஷ்ணுகிரந்தியும் முசுண்டையும் செங்காந்தளும் இருக்கின்றன. ஆவணத்தில் அவற்றுக்குப் பத்தி கிடையாது.

டீச்சர் ஆயாவிடம் இரண்டு விஷயங்கள் கேட்டுக்கொண்டார். ஒன்று, தையில் காய் வெடித்துச் சிவப்பு விதை தெரியும்போது அவருக்கு ஒரு போன் செய்ய வேண்டும். இரண்டு, மகன் வீட்டிலிருக்கும் ஒரு நாளில் வந்து பேச அனுமதிக்க வேண்டும். "வேலியை எடுக்கக் கூடாதுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. வடக்குப் பக்கம் கம்பத்தை நட்டாலும், கள்ளியை மட்டும் விட்டுவைக்க முடியுமான்னு கேட்கப்போறேன். கம்பிக்குள்ள கள்ளி இருந்தா ஆடும் வராது, ஆளும் வராது. அவருக்கும் லாபம்தான்" என்றார்.

"வா. வந்து பேசு. அவன் வாத்தியாருக்குப் பயப்படுவான்" என்றார் ஆயா சிரித்துக்கொண்டே.

எந்த மாதம் என்ன பூ?

செங்காந்தளைத் தவறவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். நம் கரட்டுக்காட்டுக்கு ஆண்டு முழுக்க ஒரு பூ அட்டவணை உண்டு. மழை முன்பின் ஆனால் ஒன்றிரண்டு வாரம் மாறலாம்.

ஐப்பசி - கார்த்திகை: செங்காந்தள், முசுண்டை, விஷ்ணுகிரந்தி, சங்குப்பூ. ஏரிகளில் அல்லி.

மார்கழி - தை: ஆவாரம், சிறுபூளை, செம்முள்ளி, நீர்முள்ளி.

மாசி - பங்குனி: இலை உதிர்த்த கிளைகளில் புரசும் முள்ளிலவும். புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்தது இந்தப் புரசு மரம்தான் என்று சொல்வார்கள்.

சித்திரை - வைகாசி: சரக்கொன்றை. கேரளாவின் மாநிலப் பூ. தாய்லாந்தின் தேசியப் பூ. நமக்குச் சாலையோரத்திலேயே கிடைக்கும்.

கிளம்பும் முன்பு...

* காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். அனுமதி இல்லையென்றால் ஏரிக்கரை, ஆற்றங்கரை, கிராமத்துச் சாலை போதும். எங்களுக்கே பூ கிடைத்தது காட்டுக்கு வெளியேதான்!

* காப்புக்காட்டிலிருந்து செடி, கிழங்கு எதையும் எடுப்பது 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வெளியிலும் பறிக்காதீர்கள்.

* மழைக்காலம் என்பதால் பாம்பு நடமாட்டம் இருக்கும். முழுக்கால் மூடும் உடை, ஷூ அவசியம். கையை விடுவதற்கு முன் கண்ணை விடுங்கள்.

* காலை 7 மணிக்குள் தொடங்குங்கள். இரவில் பூப்பவற்றைப் பார்க்க அதுதான் கடைசி வாய்ப்பு.

* ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் படத்தைப் பதிவேற்றினால் பெயர் கண்டுபிடிக்க உதவி கிடைக்கும். மரங்கள் எப்போது பூக்கின்றன என்று பதிவு செய்ய 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் இருக்கிறது. பள்ளி மாணவர்களும் சேரலாம். ஆனால், எந்தச் செயலி சொன்னதை நம்பியும் எதையும் வாயில் போடாதீர்கள்.

* அரிய செடியைக் கண்டால், சரியான இடத்தைச் சமூக வலைதளத்தில் போடாதீர்கள். கிழங்கு தோண்டுபவர்களும் இன்ஸ்டாகிராம் பார்க்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஆயா வீடு எந்தத் தெரு என்று நாங்கள் எழுதாததற்கும் அதுதான் காரணம்.

* உள்ளூர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர் புத்தகத்தில் இல்லாமல் இருக்கலாம். இடம் தப்பாது.

உங்கள் ஊரில், உங்கள் தாத்தா வீட்டில், பள்ளிக்கூடத்தின் பின்புறத்தில் இன்னும் ஒரு உயிர்வேலி மிச்சம் இருக்கிறதா? அடுத்த மழை விட்டதும் ஒருமுறை அதைச் சுற்றி வாருங்கள். இலை நுனி சுருண்டு எதையோ பிடித்துக்கொண்டிருந்தால், அதுதான் செங்காந்தள். அந்த வேலியை எடுப்பதா, வைப்பதா என்ற பேச்சு வீட்டில் வரும்போது, அதன் அடியில் ஒரு கிழங்கு தூங்குகிறது என்று சொல்வதற்கு ஒரு ஆளாவது இருக்கட்டும்.